ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும்: தாது வருஷப் பஞ்சத்தில் வேலையும் தருமமும்

உழைக்கும் உடம்புள்ள ஏழைக்கு அரசின் உதவி எந்த வடிவில் போய்ச் சேர வேண்டும், அற்பக் கூலியானாலும் ஒரு வேலையாகவா, அல்லது கைமாறு எதுவும் கேளாமல் கொடுக்கும் சோறாகவும் காசாகவுமா என்ற விவாதம் இன்றைய பொருளாதார அறிஞர்கள் தொடங்கி வைத்ததன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் நிலவிய பெரும் பஞ்சத்தின்போது இந்த விவாதம் அரசாங்கக் கோப்புகளுக்குள் அடங்கி நிற்காமல், லட்சக்கணக்கான கூலிக்காரர்களின் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. அந்தச் சோதனையின் விவரங்கள் அரசு அறிக்கைகளிலும், அன்று சென்னையில் நாளிதழ் நடத்திய வில்லியம் டிக்பி 1878-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட நூலிலும் விரிவாகப் பதிவாகியுள்ளன.

1876-இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. அதைத் தொடர்ந்து வரவேண்டிய வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது ஆண்டாக இருந்ததால் தாது வருஷப் பஞ்சம் என்ற பெயர் நிலைத்தது. பெல்லாரி, கர்நூல், கடப்பை, நெல்லூர், வட ஆர்க்காடு, சேலம், கோயம்புத்தூர், செங்கல்பட்டு, மதுரை என்று மாகாணத்தின் வறண்ட மாவட்டங்கள் எல்லாம் அதில் சிக்கின. ஆனால் தானியமே கண்ணில் படாத பஞ்சமாக இதைக் கருதுவது பிழை. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் மலைபோல் குவிந்திருந்தன; அவற்றை உள்நாட்டுக்கு ஏற்றிச் செல்ல ரயில் பாதையும் இருந்தது. விளைச்சல் இல்லாததால் நிலமற்ற கூலியாளுக்கு வயல்வேலை போயிற்று, துணி வாங்குவாரின்றி நெசவாளருக்குத் தறிவேலை போயிற்று, விலையோ பல மடங்கு ஏறிற்று. ஆக, சந்தையில் இருந்த அரிசியை வாங்கும் சக்தி மக்கள் கையில் இல்லை. வாங்கும் சக்தியை எவ்வாறு அவர்கள் கையில் சேர்ப்பது என்பதே அரசின் முன் நின்ற கேள்வி.

இந்தக் கேள்விக்கு நாட்டில் ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த விடை அன்னதானம். வடலூரில் 1867 மே மாதம் இராமலிங்க அடிகள் தொடங்கிய சத்திய தருமச்சாலையில், வருபவரின் சாதியோ ஊரோ வேலை செய்யும் திறனோ விசாரிக்கப்படவில்லை. பசி ஒன்றே தகுதியாகக் கொள்ளப்பட்டது. சென்னை நகரத்தில் 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றுவதற்காக ஏற்பட்ட மணியக்காரர் சத்திரம் பின்னர் மருத்துவமனையாக வளர்ந்தபோதும், இன்று ஸ்டான்லி என்று அழைக்கப்படும் அந்த மருத்துவமனையை வடசென்னை மக்கள் வெகுகாலம் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லி வந்தனர். தாது வருஷத்திலும் மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தம் சொத்தைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். அதைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் கீர்த்தனை பாடினார். இந்த மரபை மிகைப்படுத்திப் புகழ வேண்டியதில்லை. பல சத்திரங்கள் சாதி பார்த்தே இலை போட்டன. பஞ்சத்தில் முதலில் விழுந்த தாழ்த்தப்பட்ட கூலியாளுக்கு அவற்றின் வாசல் திறக்கவில்லை. தனியார் தருமம் எத்தனை பெரிதானாலும் ஒரு மாகாணம் முழுவதும் பரவிய பசிக்கு ஈடு கொடுக்கக்கூடியதும் அன்று.

ஆட்சியில் இருந்த ஆங்கிலேயர் வேறொரு மரபில் வளர்ந்தவர்கள். இங்கிலாந்தில் 1834-இல் திருத்தப்பட்ட ஏழையர் சட்டம், உடல் வலுவுள்ளவனுக்கு வீட்டில் வைத்து உதவி தரக்கூடாது, உதவி வேண்டுமானால் அவன் பணிவிடுதிக்குள் வந்து உழைக்க வேண்டும், அங்குள்ள வாழ்வு வெளியில் உள்ள மிகத் தாழ்ந்த கூலியாளின் வாழ்வைவிடவும் கீழாகவே இருக்க வேண்டும் என்று விதித்தது. உதவியைக் கசப்பாக்கினால்தான் உண்மையான ஏழை மட்டும் அதைத் தேடி வருவான் என்பது இதன் தருக்கம். பஞ்ச நிவாரணத்தில் இது வேலைச் சோதனை என்ற பெயர் பெற்றது: குறைந்த கூலிக்குக் கடின வேலை செய்ய இசைபவன் எவனோ அவனே பட்டினி கிடப்பவன் என்று கொள்வது.

இந்தத் தருக்கம் அயர்லாந்தில் முன்பே ஒருமுறை பரீட்சிக்கப்பட்டிருந்தது என்பதை இந்திய அதிகாரிகள் அறியாதவர்கள் அல்லர். உருளைக்கிழங்குப் பயிர் அழுகிய பின் 1846-47 குளிர்காலத்தில் அங்கே சாலைபோடும் வேலைகள் திறக்கப்பட்டன. 1847 மார்ச்சில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றில் இருந்தனர். கூலியோ விலைவாசியை எட்டவில்லை. பட்டினியால் தளர்ந்தவர்கள் வேலைத்தளத்திலேயே நோயில் விழுந்தனர். அதன்பின் சட்டம் இயற்றி, வேலை கேளாமல் சமைத்த கூழை நேரடியாக வழங்கியபோது, 1847 ஜூலையில் நாளொன்றுக்கு 30 லட்சம் பேர் உண்டனர். அதற்கு ஆன செலவு சாலை வேலைகளுக்கு ஆனதில் பாதிக்கும் குறைவு. அந்தக் கூழ்ச்சாலைகளையும் சில மாதங்களிலேயே மூடி ஏழையர் சட்டத்துக்குத் திரும்பியது லண்டன் அரசு. பலன் தந்த முறை கைவிடப்பட்டு, பலன் தராத முறை கொள்கையாக நின்றது.

சென்னைக்கு அந்தக் கொள்கையைக் கொண்டுவந்தவரான சர் ரிச்சர்டு டெம்பிளின் முன்கதை விநோதமானது. 1873-74-இல் பீகாரில் பஞ்சம் எழுந்தபோது நிவாரணப் பொறுப்பை ஏற்ற அவர், பர்மாவிலிருந்து பெருமளவில் அரிசி வரவழைத்து, வேலை செய்ய முடிந்தவர்க்குத் தாராளமான கூலியும் முடியாதவர்க்கு இலவச உணவும் கொடுத்தார். சாவு மிகச் சொற்பம். செலவோ 60 லட்சம் பவுண்டுக்கு மேல். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தவருக்கு ஊதாரி என்ற பட்டமே லண்டனில் கிடைத்தது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு அவரைப் பஞ்சப் பிரதிநிதியாகத் தெற்கே அனுப்பியபோது, தாம் சிக்கனக்காரர் என்று மெய்ப்பிக்கும் வேகத்தோடு அவர் வந்தார் என்று கருதுவதில் தவறில்லை.

சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசு அதற்கு முன் செய்துவந்தது, ஒழுங்கு குறைந்ததாயினும் இரக்கமுள்ள ஏற்பாடு. ஊருக்கு அருகிலேயே ஏரி தூர்வாருதல், சாலையில் மண் கொட்டுதல் போன்ற வேலைகளை வருவாய்த்துறை அதிகாரிகள் திறந்தனர். வந்தவரை அதிகம் ஆராயாமல் சேர்த்துக்கொண்டனர். விலை மேலும் ஏறக்கூடாதென்று அந்த அரசு ஆர்பத்நாட் நிறுவனத்தின் வழியாக 30,000 டன் தானியத்தை ரகசியமாக வாங்கியும் வைத்தது. தானிய வியாபாரத்தில் அரசு தலையிடுவதைப் பாவமாகக் கருதிய லிட்டனின் அரசாங்கம் இதை வன்மையாகக் கண்டித்தது. விக்டோரியா அரசியாரை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க 1877 ஜனவரி 1-ஆம் நாள் டில்லியில் பெரும் தர்பார் நடந்துகொண்டிருந்த அந்த வாரங்களில், சென்னை மாகாணத்தின் நிவாரண வேலைகளில் பத்து லட்சம் பேர்வரை இருந்தனர். இத்தனை பேரும் உண்மையில் பசித்தவர்கள்தாமா என்பதே கல்கத்தாவிலிருந்த லிட்டன் அரசாங்கத்தின் ஐயம்.

டெம்பிள் நிர்ணயித்த கூலி இதுதான்: ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியத்தின் விலையும் அதன்மேல் ஓர் அணாவும், பெண்ணுக்கு அதே தானியத்தின் விலையும் அரை அணாவும், வேலை செய்யும் சிறுவர்க்கு அதிலும் குறைவு. ரூபாயில் பதினாறில் ஒரு பங்கான அந்த அணாவில்தான் உப்பு, மிளகாய், பருப்பு, விறகு எல்லாம் அடங்க வேண்டும். தானிய விலையோடு சேர்ந்து கூலியும் ஏறும்படி அமைத்தது இத்திட்டத்தின் ஒரே நல்ல அம்சம், அளவில்தான் கோளாறு. ஒரு பவுண்டு அரிசியில் சுமார் 1,600 கலோரி ஆற்றல் உண்டு. நாள் முழுதும் மண் வெட்டும் ஓர் ஆளுக்கு அதைப்போல் இரு மடங்கு தேவை. இதோடு தூரச் சோதனையும் சேர்ந்தது: வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பாலுள்ள முகாமுக்குக் குடும்பத்தோடு சென்று தங்கினால்தான் வேலை என்பது அதன் சாரம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகத் துணிபவனே வேறு கதியற்றவன் என்று இதற்கு நியாயம் கற்பிக்கப்பட்டது.

இதை எதிர்த்து எழுந்த குரல் ஒரு மருத்துவருடையது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்த மாகாண மக்கள் உண்ணும் உணவின் தன்மை பற்றியும் சிறைக் கைதிகளின் உணவளவு பற்றியும் பல்லாண்டு ஆய்ந்தவர். உழைக்கும் ஆணுக்குக் குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதோடு உடம்பின் தசையைக் காக்கும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் வாதிட்டார். கைதிக்கு அரசு அளக்கும் சோற்றைவிடக் குறைந்ததைக் கொடுத்துக் கைதியைவிடக் கடுமையாக வேலை வாங்குவது எவ்விதத்தில் நிவாரணம் ஆகும் என்பதே அவர் வாதத்தின் உட்பொருள். குறைந்த உணவின் கேடு முதல் வாரங்களில் தெரியாது, உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் தின்று சில வாரம் தாக்குப்பிடிக்கும், பிறகு ஒரு சாதாரண வயிற்றுப்போக்கே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று அவர் விளக்கினார். டெம்பிளோ, ஒரு பவுண்டில் மக்கள் வாழ முடியும் என்பதற்கு வேலைத்தளங்களில் நடமாடும் மக்களே சான்று என்று பதில் எழுதினார். விழுந்தவர்கள் வேலைத்தளத்தில் இருக்க மாட்டார்கள் என்ற எளிய உண்மை அந்தப் பதிலில் இடம்பெறவில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மண்வேலையில் ஆள் குழியில் நின்று வெட்டுவான். பெண்ணும் சிறுவரும் கூடையில் சுமந்து கரைமேல் கொட்டுவர். எவ்வளவு வெட்டப்பட்டது என்று அளப்பதற்காகக் குழியின் நடுவே வெட்டாத மண்திட்டு ஒன்றை விட்டுவைப்பர். மாலையில் அதன் உயரத்தைக் கொண்டு கன அளவு கணக்கிடப்படும். குறித்த அளவு முடியாவிட்டால் கூலி குறையும். இரும்புபோல் இறுகிய கரிசல் தரையிலும் சுக்கான் பாறையிலும், சாதாரண நாளில் மண்வேலையே அறியாத நெசவாளனும் குயவனும், மண்வேலையையே தொழிலாகக் கொண்ட ஒட்டர்களுக்கு இணையாக வெட்ட இயலாது. குறைவாக வெட்டியவன் குறைவாக உண்டான். குறைவாக உண்டவன் மறுநாள் இன்னும் குறைவாக வெட்டினான். கூலி என்பது செலவழித்த சக்தியையாவது திருப்பித் தர வேண்டும். அதைக்கூடத் தராத கூலி, பெறுபவனைப் படிப்படியாக வேலைக்கே தகுதியற்றவனாக்கி, அவனுக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட இலவச உதவியின் வாசலுக்கே கடைசியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிக்கனம் என்று தொடங்கியது சிக்கனமாகவும் முடியவில்லை.

டெம்பிள் கூலியை ஏற்ற பம்பாய் மாகாணத்தில் தொழிலாளர் அதைச் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. கூலிக் குறைப்புக்கும் தொலைதூர முகாம்களுக்கும் எதிராகப் பெருந்திரளானோர் வேலைத்தளங்களைவிட்டு வெளியேறினர். புனே சார்வஜனிக சபை அவர்கள் பக்கம் நின்று அரசுக்கு மனுக்கள் எழுதியது. பட்டினி கிடந்தவர்கள் செய்த இந்த வேலைநிறுத்தத்தை அதிகாரிகள் சிலர், பசி உண்மையில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டனர்! சென்னையில் கார்னிஷின் வாதம் ஓரளவு எடுபட்டது. 1877-இன் முற்பகுதியிலேயே மாகாண அரசு ஒன்றே கால் பவுண்டு தானியமும் சிறிது பருப்பும் என்று அளவை உயர்த்தியது. அதற்குள் பல லட்சம் பேர் வேலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தனர்.

நேரடி உதவியும் குறையற்றதாக நடந்தது என்று சொல்லிவிட முடியாது. வேலை செய்ய முடியாதவர்களை அடைத்து வைத்துச் சமைத்த உணவு தந்த நிவாரண முகாம்களில் நெரிசலும் அழுக்கு நீரும் காலராவைக் கொண்டுவந்தன. வரும்போதே எலும்பும் தோலுமாய் வந்தவர்கள் அங்கே கூட்டங்கூட்டமாக இறந்தனர். பிறர் சமைத்ததை உண்ணச் சாதி தடுத்ததால் முகாமுக்கே வராமல் வீட்டில் கிடந்து செத்தவரும் உண்டு. ஊரில் கிராம மணியக்காரரும் கணக்கரும் வழியாகக் கொடுத்த காசுதவியில் பொய்ப்பெயர்களும் கமிஷனும் நுழைந்தன. எனினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. முகாமின் கேடும் பட்டியலின் ஊழலும் நிர்வாகத்தின் குறைகள், மேற்பார்வையால் திருத்தக்கூடியவை. டெம்பிள் கூலியின் கேடோ நிர்வாகம் சரியாக நடந்தாலும் நேரும் கேடு, ஏனெனில் அது திட்டத்திலேயே இருந்தது.

1877 ஆகஸ்டில் சென்னையில் ஆளுநர் தலைமையில் கூடிய பொதுக்கூட்டம் இங்கிலாந்துக்கு விடுத்த வேண்டுகோளின் பேரில் லண்டன் மேயர் திரட்டிய நிதி, இவ்விரண்டு வழிகளுக்கும் அப்பாற்பட்ட ஒன்றைச் செய்து காட்டியது. லட்சக்கணக்கான பவுண்டாகச் சேர்ந்த அந்தப் பணம், செப்டம்பரில் மழை தொடங்கிய பின் குடியானவர்க்கு விதை வாங்கவும், உழவுமாடு வாங்கவும், விட்டமும் கூரையும் விற்றுத் தின்ற வீடுகளைச் செப்பனிடவும், துணி வாங்கவும் திரும்பக் கேட்காத தொகையாகக் கொடுக்கப்பட்டது. அந்த நிதிக் குழுவின் செயலாளராக இருந்தவர் டிக்பியே. மண்வெட்டி பிடித்துப் பிழைத்த உழவன் மழை வந்தபின்னும் மாடில்லாமல் கூலியாகவே நிற்பான். கையில் விதையும் மாடும் கிடைத்தவனோ தன் நிலத்துக்குத் திரும்பினான். தாழ்ந்த கூலி வேலை மேலே ஏறுவதற்கு முதற்படி என்று வாதிடுவோர்க்கு இந்த நிகழ்ச்சி ஒரு தடை எழுப்புகிறது. இங்கே படியாக அமைந்தது கூலியன்று, கேளாமல் கொடுத்த முதல்.

வேலைத்திட்டத்தின் பக்கத்தில் எடுத்துக்காட்டத்தக்க சொத்து பக்கிங்காம் கால்வாய். 1801-இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையில் வெட்டத் தொடங்கிய உப்புநீர்க் கால்வாய் பின்னர் வடக்கே ஆந்திரக் கரை வரை நீண்டது. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்ப் பகுதி 1877-78-இல் பஞ்சக் கூலிகளால் வெட்டப்பட்டு, முழுக் கால்வாயும் ஆளுநரின் பெயரைப் பெற்றது. விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் அதில் பல பத்தாண்டுகள் ஓடின. கால்வாய் பயனுள்ளதே, ஆனால் நகருக்கு அதனால் பயன் கிடைத்தது என்பது வேறு, வெட்டியவனுக்கு அந்த வேலையால் உயிர் கிடைத்ததா என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவது அன்றைய அறிக்கைகளின் வழக்கம். அந்த வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை.

மாகாணத்தைவிட்டு வெளியேறிய வழியும் ஒன்று இருந்தது. கங்காணிகளிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மன்னார் வழியாக இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் எண்ணிக்கை அந்த ஆண்டுகளில் பெருகியது. அதுவும் தாழ்ந்த கூலி வேலைதான், வாங்கிய முன்பணமே தீராக் கடனாகும் வேலை. இருந்தும் தோட்டத்தில் அரிசி கிடைத்தது என்பதே பலரை இழுத்தது. வேறு வழியில்லாதவன் ஏற்றுக்கொண்டான் என்பதைக் கொண்டு ஒரு வேலையை நல்ல வேலை என்று தீர்மானிக்க முடியாது என்பதற்குத் தென்னிந்தியக் குடிபெயர்வின் வரலாறு முழுவதுமே சாட்சி.

1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நடந்ததன் அளவைக் காட்டியது. சேலம் மாவட்டத்தில் 1871-இல் 19 லட்சத்து 66 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 16 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. கர்நூலில் ஏறத்தாழ கால் பங்கு மக்கள் குறைந்திருந்தனர். பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்ததாக, பின்னர் அரசு அமைத்த பஞ்ச ஆணையமே கணக்கிட்டது.

சர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த அந்த ஆணையம் 1880-இல் அளித்த அறிக்கையும், அதையொட்டி 1883-இல் வகுக்கப்பட்ட பஞ்ச விதித்தொகுப்பும் இரு வழிகளையும் சேர்த்துப் பின்னின. உழைக்க முடிந்தவர்க்கு வேலை. முடியாதவர்க்குத் தத்தம் ஊரிலேயே இலவச உதவி. கூலி உடல்நலம் கெடாதிருக்கப் போதுமானதாக இருக்க வேண்டும், அதற்கு மேல் மிஞ்சக்கூடாது. தூரச் சோதனை கைவிடப்பட்டது. பஞ்சம் முற்றியபின் வேலை தேடிவரும் எலும்புக்கூட்டுக்கு வேலை கொடுத்துப் பயனில்லை, உடம்பில் வலு இருக்கும்போதே வேலை தொடங்க வேண்டும் என்ற பாடம் இதில் அடங்கியிருந்தது. லட்சக்கணக்கான உயிரை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் அது. ஆயினும் உதவி பெறுபவன் ஏமாற்றுக்காரனாக இருக்கக்கூடும் என்ற பழைய சந்தேகம் விதிகளின் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. குறித்த அளவு வேலை முடிக்காதவர்க்குத் தண்டனைக் கூலி என்ற குறைந்த கூலியை அடுத்து வந்த பஞ்சங்களிலும் அளந்தார்கள்.

சுதந்திர இந்தியா இந்தத் தொகுப்பின் எலும்பை வைத்துக்கொண்டு அதன் சந்தேகத்தை மெல்ல மெல்லக் களைந்தது. 1970-73 வறட்சியில் மகாராஷ்டிரம் திறந்த வேலைத்தளங்களில் 1973 மே மாதம் ஏறத்தாழ 50 லட்சம் பேர் இருந்தனர், பெருஞ்சாவு தவிர்க்கப்பட்டது. அந்த அனுபவம் அம்மாநிலத்தில் வேலை உறுதிச் சட்டமாகி, 2005-இல் நாடு முழுமைக்குமான ஊரக வேலை உறுதிச் சட்டமாக விரிந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதற்கு நூறு நாள் வேலை என்று பெயர் வழங்கியது. இதே மாநிலம் வேலையோடு எவ்விதத்திலும் பிணைக்காத நேரடி உதவியான பள்ளி மதிய உணவையும் பொது விநியோக அரிசியையும் கூடவே நடத்திவந்தது; ரேஷன் அரிசி வீட்டில் இருந்ததால் வயல்கூலி கேட்கும் பெண்ணின் குரல் சற்று உயர்ந்ததே தவிர, வேலைக்குப் போவதை அவள் நிறுத்திவிடவில்லை. வயிற்றில் சோறிருந்தால் மனிதன் உழைக்கமாட்டான் என்ற டெம்பிள் காலத்து அச்சம் தமிழ்நாட்டில் மெய்யாகவில்லை.

1877-இல் வீட்டுக்குப் பத்து மைலுக்கு அப்பால் போனால்தான் வேலை என்றிருந்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை தரவேண்டும், அதற்கு அப்பால் அனுப்பினால் பத்து விழுக்காடு கூடுதல் கூலி தரவேண்டும் என்று எழுதியது. வேலை கேட்ட பதினைந்து நாளுக்குள் வேலை தராவிட்டால், முதல் முப்பது நாளுக்குக் கூலியில் கால் பங்குக்கும் அதன்பின் அரைப் பங்குக்கும் குறையாத தொகையை, வேலை ஏதும் வாங்காமலே அரசு கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதியாக இருந்தது.